சொட்டு ரத்தம் வரவில்லை

சின்னசாமியின் வயிற்றில் புற்று என்று தெரிந்த மாதத்திலேயே, இதயக் குழாயில் அடைப்பு என்பதும் தெரிந்தது. குடலில் இருக்கும் கட்டியை அறுத்து எடுக்க மயக்கம் கொடுக்குமுன் நெஞ்சைச் சோதித்தார்கள். சோதித்ததும் கத்தியை எடுக்கவே பயந்தார்கள். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு போட்டுப் பிழைக்கிற மனுசனுக்கு ஒரே உடம்பில் இரண்டு எமன்.

சென்னை ஆஸ்பத்திரியில் இதய டாக்டரம்மாவும் புற்று டாக்டரும் கூடிப் பேசி ஒரு வழி கண்டார்கள். முதலில் அடைத்த குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதில் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். ஆடி கழிந்ததும் ஒன்றை மட்டும் தாங்களே நிறுத்தச் சொல்லிக் கட்டியை எடுப்பது என்று ஏற்பாடு. அதுவரை மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும், பிறகு எதுவும் எங்கள் கையில் இல்லை என்று டாக்டரம்மா அவன் பெண்டாட்டி மணியம்மையிடம்தான் சொன்னார். பக்கத்தில் இருந்த புருசன் கேட்கிற ஆள் இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

அன்று முதல் காலையில் மாத்திரையை உரித்து அவன் உள்ளங்கையில் வைப்பது அவள் வேலை. பல் துலக்கினால் அவனுக்கு ஈறு கசிந்தது. சவரத்தில் கீறிய இடம் வெகுநேரம் நிற்காமல் வழிந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்று அந்த ரத்தத்தைப் பார்த்துத்தான் அவள் தைரியமாக இருந்தாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. அந்தக் குடும்பத்தில் முதல் காவடி எடுப்பவன் கன்னத்தில் அலகு குத்திக்கொண்டுதான் திருத்தணி மலை ஏற வேண்டும். விரதம் சுத்தமாக இருந்தால் ஒரு சொட்டு ரத்தம் வராது, வந்தால் அவன் யோக்கியதை சந்தி சிரித்துவிடும் என்பது அங்கே நம்பிக்கை. மூத்தவன் ஆறுமுகத்துக்கு ஒரு வருசம் ரத்தம் கொட்டியது. அதோடு முதல் காவடி தம்பி சின்னசாமிக்கு வந்தது. ஆறுமுகம் அந்த ரத்தத்தை இன்னும் துடைத்து முடிக்கவில்லை.

காப்புக் கட்டுகிற அன்று பங்காளிகள் முன்னால், அலகு வேண்டாம், காவடி மட்டும் எடுக்கட்டும் என்றாள் மணியம்மை. மாத்திரையால் ரத்தம் நிற்காது என்று காரணமும் சொன்னாள்.

"மாத்திர மேல ஏம்மா பழிய போடற?" என்றான் ஆறுமுகம். "புத்து யாருக்கு வரும்னு ஊர்ல பேசிக்கினுதான் கீறாங்க. குத்தனா தெரிஞ்சிடும்னு பயமா?"

"டாக்டர் சொன்னதத்தான் சொல்றேன் பாவா."

"எனக்கு வந்தப்ப எந்த டாக்டரும் வந்து சொல்லலியே. உடு, எம் மவன் சந்திரமோகன் எடுக்கட்டும். நோயாளிக்கு இன்னாத்துக்கு மொதக் காவடி?"

யாரோ சிரித்தார்கள்.

"நான் குத்துவேன்" என்றான் சின்னசாமி.

வீட்டில் அவள் எவ்வளவோ கெஞ்சினாள். ரத்தம் வந்தால் வரட்டும், பஞ்சு வைத்து அழுத்திக்கொள்ளலாம், பேசுகிற வாய் பேசட்டும் என்றாள். அவன் சரி என்றான். மறுநாளிலிருந்து கேட்காமலே கையை நீட்டி வாங்கி, அவள் பார்க்க வாயில் போட்டு, தண்ணீரும் குடித்தான். விரதக்காரன் சவரம் செய்யமாட்டான், பல் துலக்குவதும் குளத்தில்தான். அதனால் அவளுக்குப் பார்க்க ரத்தமும் இல்லாமல் போயிற்று.

கிருத்திகையன்று சரவணப் பொய்கையில் முழுகி, ஈர வேட்டியோடு நின்றான். பம்பை முழங்கியது. பூசாரி கன்னத்தில் திருநீற்றை அப்பி, வேல் அலகை இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்தார். மணியம்மை பஞ்சை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ரத்தம் வரவில்லை.

கூட்டம் அரோகரா போட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். அண்ணன்காரனே தம்பி காலில் விழுந்து எழுந்தான். மணியம்மை மட்டும் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு அவனிடம் போனாள்.

"இன்னாங்க, மாத்திரய முழுங்கினீங்களா இல்லியா?"

வாயில் வேல் இருக்கிறவன் எப்படிப் பேசுவான்? கண்ணைத் திருப்பிக்கொண்டான். அவன் இடுப்பில் தொங்கிய திருநீற்றுப் பைக்குள் கையை விட்டாள். எச்சில் பட்டு ஊறிக் காய்ந்த மாத்திரைகள் சாம்பலோடு கட்டிகட்டியாக வந்தன.

அவள் காவடியைப் பிடித்துத் தொங்கினாள். பொம்பளை தொட்டால் தீட்டு என்று பங்காளிகள் அவளைப் பிய்த்து எடுத்தார்கள். கையை விரித்து மாத்திரையைக் காட்டினாள். ஆறுமுகம் பார்த்தான். பார்த்துவிட்டு, பம்பைக்காரனை ஓங்கி அடிக்கச் சொன்னான்.

பாதிப் படியில் சின்னசாமி காவடியோடு சாய்ந்தான்.

உயிர் போகவில்லை, அதுதான் கொடுமை. ஸ்டென்ட் அடைத்து இதயத்தில் பாதி செத்துவிட்டது, இனி மயக்கம் கொடுத்தால் எழமாட்டார், கட்டியை எடுக்க வழியில்லை என்று டாக்டரம்மா சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மணியம்மைக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஊருக்கு வந்ததும், ரத்தம் சிந்தாதவன் கையால் திருநீறு வாங்க சனம் வர ஆரம்பித்தது. ஆறுமுகமே கூட்டிவந்தான். அடுத்த வருசம் முதல் காவடி சந்திரமோகனுக்கு என்று பங்காளிகளிடம் பேசி முடித்தும்விட்டான்.

"அன்னிக்கு மாத்திரய பாத்தீங்களே பாவா" என்றாள் மணியம்மை.

"பாத்தேன். ரத்தம் வந்திருந்தாலும் காவடி எம் மவனுக்குத்தான். வரலன்னாலும் எம் மவனுக்குத்தான். நான் ஏம்மா தடுக்கணும்?"

இப்போது சின்னசாமி மாத்திரையைத் தானே கேட்டு வாங்கி விழுங்குகிறான். ஈறு மறுபடி கசிகிறது.

"ஒரு சொட்டு வரல இல்ல, மணி?" என்று தினமும் கேட்பான்.

அன்றைக்கும் கேட்டான். வாசலில் ஆள் வரும் சத்தம் கேட்டது. தலையணையில் நிமிர்ந்து, திருநீற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்காக முகத்தை மலர்த்தினான்.

மணியம்மை துண்டை எடுத்து அவன் மடியில் எறிந்தாள்.

"சிரிக்காதீங்க. பல்லுல ரத்தம் தெரியுது."