நான் கலைத்துப் போட்ட வீடு

என் நாத்தனாருக்கு அவசர உதவி மையத்தில் போன் எடுக்கும் வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நடுவில் நின்றது ஆங்கில வாய்த்தேர்வு. ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவள். இதுதான் கடைசி வாய்ப்பு.

"இங்கிலீஷ்ல எந்த வார்த்தைக்கு எது ஜோடின்னே மனசுல நிக்க மாட்டேங்குது அண்ணி" என்று மூக்கைச் சிந்தினாள்.

வீட்டையே பாடமாக்கினோம். ஓயாமல் தும்மும் என் வீட்டுக்காரர் 'பேட் கோல்ட்'. அலங்கோலமாகக் கிடக்கும் அவள் அறை 'கம்ப்ளீட் மெஸ்'. ரிமோட்டுக்கு மல்லுக்கட்டும் என் இரட்டைப் பிள்ளைகள் 'வயலன்ட் க்ளாஷ்'. தலையைப் பிடித்துக்கொண்டு கத்தும் நான் 'ஸ்ப்ளிட்டிங் ஹெட்டேக்'. கொழுப்புதான்! ஆனால் ஆளைப் பார்த்ததுமே கடகடவென்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

தேர்வு வீடியோ காலில். வெளியாள் பார்க்கிற இடம், சும்மா விடுவேனா? விடிந்ததும் அவள் அறையைப் பெருக்கித் துடைத்து, துணிகளை மடித்து அடுக்கினேன். வீட்டுக்காரரின் தும்மலை மாத்திரை கொடுத்து அடக்கினேன். பிள்ளைகளை மிரட்டி அந்த அறை மூலையிலேயே உட்கார வைத்தேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

திரையில் வந்த அதிகாரி அம்மாள், திருடன் புகுந்த ஒரு வீட்டையும் அங்கிருப்பவர்களையும் ஆங்கிலத்தில் விவரிக்கச் சொன்னார். நாத்தனார் சுற்றுமுற்றும் பார்த்தாள். வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. பேந்தப் பேந்த விழித்தாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

அடக் கடவுளே, கெடுத்தது நானா! அவள் பார்த்துச் சொல்ல ஒன்றையும் விட்டுவைக்கவில்லையே. கேமராவுக்குப் பின்னால் போய், அலமாரியிலிருந்த துணிகளை அள்ளி வீசினேன்.

"என்னடி, பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கிசுகிசுத்தார் வீட்டுக்காரர்.

"சும்மா இருங்க. முடிஞ்சா ரெண்டு தும்மல் போடுங்க!"

ரிமோட்டைப் பிள்ளைகளுக்கு நடுவில் போட்டேன். மிச்சத்தை அதுகளே பார்த்துக்கொண்டன.

நாத்தனாரின் வாய் திறந்தது. மெஸ், க்ளாஷ், கோல்ட் எல்லாம் தத்தம் ஜோடியோடு வந்தன. என்னைப் பார்த்து, தலைவலியையும் சேர்த்துக்கொண்டாள்.

அதிகாரி அம்மாள் சிரித்துவிட்டார். பிறகு தமிழிலேயே சொன்னார்: "அங்க இவ்வளவு கலாட்டா கேக்குது, உன் குரல் கொஞ்சம்கூட நடுங்கலையே. எங்களுக்கு இதுதான்மா வேணும். திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்கோ."

"அண்ணி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பழக்கதோஷத்தில், கலைந்த அறையைக் காட்டித் திட்டத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை. துணிக் குவியலில் அவளோடு உட்கார்ந்து ஓவென்று அழுதேன், சந்தோஷத்தில்.