மஞ்சள் சட்டை தாண்டும் வரை

சைக்கிள் சங்கத்தில் மொத்தம் இருபத்தொரு பேர். விதிகள் நாற்பத்தொன்று. அத்தனையையும் எழுதி, எழுத்துப்பிழை பார்த்து, தான் மேற்பார்வையாளராக இருக்கும் அச்சகத்திலேயே பளபளப்பான தாளில் அடித்து, சட்டைப்பையில் அடங்கும் புத்தகமாகத் தைத்துக் கொடுத்தவர் சங்கத் தலைவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேர் காற்று வாங்கிவிட்டு வருவதற்கு இத்தனை சட்டம் எதற்கு என்று கேட்கச் சங்கத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. கேட்டது ஒரே ஆள்தான், அவர் பெண்டாட்டி.

அவளை எல்லோரும் கண்ணாடியக்கா என்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை. காலை முதல் சாயங்காலம் வரை, "இந்த வரியைப் படிங்க, இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஐம்பத்தோரு வயது. பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். பையன் வேலைக்குப் போன ஊரிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை போன் செய்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பதோடு கடமையை முடித்துக்கொள்வான். மிச்சமிருந்தது தலைவர் ஒருவர்தான். அவரும் ஞாயிறானால் விடியுமுன்னே சைக்கிளோடு கம்பி நீட்டிவிடுவார். வாரத்தில் ஆறு நாள் அச்சகத்துக்குப் புருஷன், ஏழாவது நாள் சங்கத்துக்குப் புருஷன் என்றால், எனக்கு எப்போதுதான் புருஷன் என்று அக்காவுக்கு ஆற்றாமை. சரி, அவர் வரமாட்டார், நாமே போவோம் என்று சங்கத்தில் சேர மனு கொடுத்தாள்.

தலைவர் வெலவெலத்துப் போனார்.

"உனக்கு எதுக்கு இந்த வேலை? முதுகு போயிடும்."

"போனா என் முதுகுதானே? உங்க முதுகா?"

தலைவர் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். புது ஆள் மூன்று பயணத்துக்குள் ஒன்றையாவது முழுசாக, எந்த வண்டியிலும் ஏறாமல், பகல் பன்னிரண்டுக்குள் ஓட்டி முடிக்க வேண்டும். மூன்றும் கோட்டை விட்டால் அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பக்கம் தலைவைக்க முடியாது. முதல் பயணத்தில் அக்காவுக்குப் பஞ்சர். இரண்டாவதில் அலாரம் ஒரு மணி நேரம் பிந்தி அடித்தது. ஓட்டமாக ஓடிப் போய்ப் பார்த்தால் சந்திக்கும் இடத்தில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. இன்று மூன்றாவது, கடைசி.

பயணம் முப்பது கிலோமீட்டர், ஏரிக்கரை வரைக்கும். சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வழி பிரிகிற ஒவ்வொரு முனையிலும் ஓர் ஆள் நின்று கையை நீட்டி வழி காட்ட வேண்டும். எல்லோருக்கும் கடைசியாக மஞ்சள் சட்டை போட்ட ஆள் வருவார். அவர் தாண்டின பிறகுதான் முனை ஆள் இடத்தை விட்டு நகரலாம். மஞ்சள் சட்டை யாரையும் முந்தக் கூடாது, யாரையும் வழியில் விட்டுவிட்டு வரக் கூடாது. இது விதி பதினேழு. இரண்டு வருஷம் எல்லோருக்கும் முன்னால் சிட்டாகப் பறந்துகொண்டிருந்த தலைவர், ஆறு மாதத்துக்கு முன் திடீரென்று, "தலைவன்னா கடைசியிலதான் வரணும். பின்தங்கினவனைப் பார்த்துக்கறதுதான் தலைமை" என்று ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டு மஞ்சள் சட்டையை நிரந்தரமாக மாட்டிக்கொண்டார். சங்கமே கை தட்டியது. பல் டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்தான் செயலாளர். பல் பிடுங்கும்போது கலங்காத கண்.

அக்கா மெதுவாக ஓட்டுகிற ஆள் என்பதால் செயலாளர் அவளை ஒரு மணி நேரம் முன்னாடியே அனுப்பி, பதினெட்டாவது கிலோமீட்டரில் பழைய மில் முனையில் நிற்கச் சொல்லியிருந்தார். ஒன்பதுக்கெல்லாம் அக்கா போய்ச் சேர்ந்து, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்பதரைக்குள் இருபது பேரும் "குட்மார்னிங்க்கா", "அசத்துறீங்கக்கா" என்று சொல்லியபடி தாண்டிப் போனார்கள்.

மஞ்சள் சட்டை வரவில்லை.

பத்து மணிக்கு ஒரு மெத்தை வண்டி வந்தது. பின்பக்கம் திறந்த வண்டி, மெத்தைகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். ஓட்டுகிறவர் அக்காவைப் பார்த்ததும் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன்பின் தெரியாத மனுஷன் நம்மைப் பார்த்து ஏன் முகத்தைத் திருப்புகிறான் என்று அவள் யோசிப்பதற்குள் வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியது. மெத்தைகள் ஒருமுறை தூக்கிப் போட்டன. நடுவிலிருந்து ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டது. பச்சைக் காலுறை. குதிகாலில் வெள்ளை நூலில் போட்ட தையல்.

அந்தத் தையல் போன வாரம் அவள் போட்டது. பச்சை நூல் வீட்டில் இல்லை.

கால் அவசர அவசரமாக உள்ளே போயிற்று. வண்டியும் போயிற்று. அக்கா நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள். ஒருவேளை வழியில் விழுந்து அடிபட்டிருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தாள். அடிபட்ட ஆள் எதற்குக் காலை இழுத்து ஒளிக்கிறார் என்று அடுத்த நிமிஷமே மூளை கேட்டது. அதற்கடுத்த நிமிஷம் பற்றிக்கொண்டு வந்தது.

பத்தரைக்குப் போன் அடித்தது. தலைவர். வேண்டுமென்றே உரக்கப் பேசினார், சுற்றி நிற்கிறவர்கள் காதில் விழட்டும் என்று.

"நான் ஏரிக்கு வந்து சேர்ந்துட்டேன். நீ எங்க இருக்க?"

"நிக்கச் சொன்ன இடத்துலதான்."

"அடக் கடவுளே! நான் உன்னைத் தாண்டித்தானே வந்தேன்? கவனிக்கலையா நீ? எங்கயாவது வேடிக்கை பார்த்துட்டு நின்னிருப்ப. முனையைக் கவனிக்கலைன்னா விதிப்படி அது தோல்விதான், என்ன பண்றது. பரவாயில்ல விடு, பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிடு."

அப்படியா சேதி! இவர் மெத்தையில் படுத்துக்கொண்டு வந்ததுமில்லாமல், அந்தப் பழியை அவள் கண்மேல் போட்டு, கடைசி வாய்ப்பிலும் மண்ணைப் போடப் பார்க்கிறார். இருபத்தெட்டு வருஷமாக ஊரார் கண்ணையெல்லாம் சோதித்தவளிடம், கண் தெரியலையா என்று கேட்கிறார் மனுஷன்.

"போனைச் செயலாளர்கிட்ட குடுங்க."

"அது எதுக்கு இப்ப..."

"குடுங்கன்னேன்."

பல் டாக்டர் வாங்கினார். அக்கா குரலை உயர்த்தவே இல்லை. கடையில் கிழவர்களுக்கு எழுத்துப் படித்துக் காட்டுகிற அதே நிதானம்.

"சார், விதி பதினேழு என்ன சொல்லுது? மஞ்சள் சட்டை சைக்கிள்ல தாண்டறதை முனை ஆள் தன் கண்ணால பார்க்கணும். நான் பார்க்கல. பார்க்கிற வரைக்கும் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன். சாயங்காலம் ஆனாலும் சரி."

செயலாளருக்கு விதி என்றால் உயிர். போனில் அவர் குரல் தூரமாகக் கேட்டது. "தலைவரே, அக்கா சொல்றது நியாயம். நீங்க எழுதினதுதான். திரும்பப் போய் ஒரு தடவை தாண்டிட்டு வந்துடுங்க. பன்னிரண்டு கிலோமீட்டர், உங்களுக்கு அதெல்லாம் ஊதித் தள்ற மாதிரி." யாரோ கை தட்டினார்கள். தலைவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

பதினொரு மணிக்குச் சாலை வளைவில் மஞ்சள் தெரிந்தது. ஏரிப் பக்கமிருந்து வந்தார், சைக்கிளில்தான். ஆனால் வலது கால் மட்டும்தான் மிதித்தது. இடது கால் சும்மா கூட வந்தது. வளைவுக்குப் பின்னால் மெத்தை வண்டியின் மூக்கு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. அக்கா வாய் நிறைய வசவு சேர்த்து வைத்திருந்தாள். அவர் இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மில் சுவரில் கை ஊன்றி நின்ற நிலையைப் பார்த்ததும் பாதி வசவு உள்ளேயே போய்விட்டது. மீதிப் பாதி வந்தது.

"மெத்தை நல்லா இருந்துச்சா?"

தலைவர் திருதிருவென்று முழித்தார்.

"அந்தக் காலுறையில தையல் போட்டது யாருன்னு நினைச்சீங்க? என்ன பித்தலாட்டம் இது? எத்தனை நாளா?"

"ஆறு மாசமா," என்றார். "முட்டி தேஞ்சு போச்சு. சைக்கிளைத் தொடவே கூடாதுன்னுட்டார் டாக்டர்."

ஆறு மாதமாக வீட்டில் மாடி ஏறும்போது படிக்குப் படி நின்று போன் பேசிக்கொண்டிருந்த மனுஷன் இவர். யாரோடு இப்படிக் குசுகுசுவென்று பேச்சு என்று அக்கா எத்தனையோ ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறாள். எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்றே முடிவு கட்டி, அவள் எப்படி இருப்பாள் என்று மனதுக்குள் படம்கூட வரைந்து வைத்திருந்தாள். கடைசியில் அந்த ஒருத்தி, முட்டி.

"அட பாவி மனுஷா! ஒருத்தி இருக்கான்னு நினைச்சு நான் அழுதுட்டு இருந்தேன், தெரியுமா?"

"ஒருத்தியா? எனக்கா?" தலைவர் முகத்தில் ஒரு நொடி பெருமை எட்டிப் பார்த்தது. அக்கா முறைத்தாள். அது ஓடிவிட்டது.

"அதான் கடைசி ஆளா வந்தேன்," என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கடைசி ஆளைப் பின்னாடி இருந்து பார்க்க யாரும் இல்லையே. முனையில நிக்கறவனுங்களும் கூட்டம் தாண்டினதும் எனக்காக நிக்காம முன்னாடி பறந்துடுவானுங்க. நீ வந்தா மெதுவா வருவ. என் பக்கத்துலயே வருவ. பார்த்துடுவ."

"பார்த்தா என்னவாம்?"

"என்னால முடியலங்கறதை நீ பார்க்கக் கூடாது."

அக்காவுக்குக் கோபம் போகவில்லை.

"இருபத்தாறு வருஷமா உங்களைத்தான் பார்த்துட்டு இருக்கேன். வாந்தி எடுத்தப்ப பார்த்தேன், வேலை போனப்ப பார்த்தேன், உங்க அப்பாவைத் தூக்கினப்ப சின்னப் புள்ளை மாதிரி அழுதீங்களே, அப்பவும் பார்த்தேன். முட்டியைப் பார்க்கக் கூடாதா? அலாரத்தை மாத்தி வெச்சதும் நீங்கதானா?"

"ம்."

"பஞ்சர்?"

"சத்தியமா அது ஆணி."

அக்கா மணிக்கட்டைப் பார்த்தாள். பதினொன்று ஏழு. பன்னிரண்டு கிலோமீட்டர், கடைசியில் ஒரு மேடு. அவள் அந்த வேகத்தில் ஒருநாளும் ஓட்டியதில்லை. அதோடு, இந்த மனுஷனை இப்படிச் சுவரோடு ஒட்ட வைத்துவிட்டு எப்படிக் கிளம்புவது?

"போகட்டும், விடுங்க. சங்கமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். வாங்க வீட்டுக்குப் போகலாம்."

தலைவர் நிமிர்ந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலடி நொண்டிப் போய், திருப்பி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி, அவள் முன்னால் பத்தடி ஓட்டித் தாண்டினார்.

"தாண்டிட்டேன். பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்ப ஏறு. கிளம்பு."

அவள் ஏறும்போதே அவர் போனை எடுத்துவிட்டார். "செயலாளரே, தலைவர் பேசறேன். எல்லாரும் கேட்கற மாதிரி போனை ஸ்பீக்கர்ல போடுங்க. ஆறு மாசமா நான் சைக்கிள்ல வரல. மெத்தை வண்டியில படுத்துட்டு வந்து, ஏரிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடி இறங்கி, மூஞ்சியில தண்ணி அடிச்சுக்கிட்டு உங்களை எல்லாம் ஏமாத்தினேன். முட்டி போச்சு. இன்னைக்கும் அப்படித்தான். இவ கவனிக்கலைன்னு சொன்னது பொய். எல்லாத்தையும் கவனிச்சுட்டா. இப்பக் கிளம்பி வர்றா. என்னை என்ன வேணா பண்ணிக்குங்க, அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

அந்தப் பக்கமிருந்து பல் டாக்டர் மட்டும், "படுத்துட்டா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா மிதித்தாள். மெத்தை வண்டி பின்னால் உருண்டு வந்தது. அதில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், மஞ்சள் சட்டை ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே வந்தது.

"கியரைக் குறை! குறைன்னா குறையேன்! மூச்சை மூக்குல விடு!"

"வாயை மூடிட்டு வாங்க!"

"பேசாத, மூச்சு போகும்!"

மெத்தை வண்டிக்காரர் பாவம், இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஹாரன்கூட அடிக்காமல் வந்தார். மேட்டில் அக்காவின் தொடை இரண்டும் தனித்தனியாக அழுதன. இறங்கித் தள்ளலாம் என்று எட்டுத் தடவை தோன்றியது. ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து வந்த குரலில் எரிச்சல் மூண்டு, அந்த எரிச்சலிலேயே இன்னும் நாலு மிதி மிதித்தாள்.

ஏரிக்கரையில் சங்கம் மொத்தமும் வரிசையாக நின்றது. செயலாளர் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கோட்டுக்கு ஆறு கஜம் இருக்கும்போது பின்னால் வண்டிக் கதவு திறக்கும் சத்தமும், "அம்மா" என்று ஒரு முனகலும் கேட்டது. அக்கா சட்டென்று பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றித் திரும்பினாள். இறங்கின வேகத்தில் அவர் மடங்கி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, கோடு!" என்று இருபது பேரும் அலறினார்கள். "ஒரு நிமிஷம்தான் இருக்கு!"

அவள் அசையவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னை என்னடி பார்வை? நான் எங்கயும் ஓடிட மாட்டேன். போ!" என்று கத்தினார் தலைவர்.

போனாள். பதினொன்று ஐம்பத்தொன்பது என்று செயலாளர் உரக்கச் சொன்னார். ஆனால் யாரும் அவளைப் பார்க்கவில்லை. தலைவர் எழுந்து, சைக்கிள் இல்லாமல், ஒளிக்காமல், ஊரறிய நொண்டிக்கொண்டு வந்தார். இருபது பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் நிமிர்ந்து நடக்க முயற்சி பண்ணவில்லை. அக்கா சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு, கோட்டைத் திரும்பத் தாண்டிப் போய்த் தன் தோளைக் கொடுத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, ஆறு மாதத்தில் முதல் தடவையாக, யாரையும் ஏமாற்றாமல் கடைசி ஆளாக வந்து சேர்ந்தார்.