பையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

ஸ்பெயினின் மலாகா கடற்கரையில் என் விடுமுறையின் கடைசி நாள் அது. அதுவரை நான் ஒருமுறைகூடக் கடலில் இறங்கவில்லை. தனியாக வந்தவள் குளிக்கப் போனால் பையைப் பார்த்துக்கொள்ள யாரிடமாவது சொல்லவேண்டும். எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் திருத்தித் திருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் பக்கத்துக் குடையிலிருந்த எங்கார்னா என்ற பெண்மணி முந்திக்கொண்டார்.

"ஏம்மா, தனியாத்தானே இருக்க? எங்க சாமானைக் கொஞ்சம் பாத்துக்கோ. என் புருஷனோட பீரை மட்டும் தொட்டுறாதே, கடலுக்குள்ளேருந்தே மோப்பம் புடிச்சிருவாரு!"

குடும்பமே தண்ணீருக்கு ஓடியது. அவர்களுடைய செருப்புகளுக்கெல்லாம் நான் காவல் இருந்தேன். திரும்பி வந்த எங்கார்னா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உடம்புல ஒரு சொட்டு ஈரமில்லையே! நீ போ, நாங்க பாத்துக்கறோம்."

கேட்காமலே கிடைத்துவிட்டது. ஆனால், "பரவால்லக்கா, ஃபிரெண்ட்ஸ் வந்துருவாங்க, சேர்ந்து இறங்கறோம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தத் 'தனியாத்தானே' உறுத்தியிருக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்குக் கடற்கரையே காலியானது. அவர்களும் குடையை மடக்கினார்கள்.

"வரட்டும் உன் ஃபிரெண்ட்ஸ், நல்லாத் திட்டிவிடு!" என்றபடி எங்கார்னா போனார்.

திருடவும் ஆளில்லாத மணலில் பையை வைத்துவிட்டு இறங்கினேன். தண்ணீர் இதமாக இருந்தது. கூட்டமாகக் குளிக்கப் போனால், முதலில் இறங்குகிறவர் அதைக் கரையைப் பார்த்துக் கத்திச் சொல்வது எங்கள் வழக்கம். நானும் திரும்பி நின்று சொன்னேன்:

"சூப்பரா இருக்கு, வாங்க!"

மெதுவாகத்தான் சொன்னேன்.