வலது பக்கத்துக் குரல்

கார்த்திகை வெயில். திரைச்சீலையின் இடுக்கு வழியாக வந்து தரையில் ஒரு கோடு போடுகிறது. மேகம் வந்தால் அழிகிறது. மேகம் போனால் திரும்பவும் போடுகிறது.

கோட்டின் ஓரத்தில் நாற்காலி. நாற்காலியில் நான். என் காதுகளின் மேல், ஒரு வருடப் பென்ஷனை விழுங்கக்கூடிய ஒரு ஹெட்போன்.

அது என்னுடையதல்ல. சென்னையில் ஆடியோ கடை வைத்திருக்கும் நசீர் அனுப்பியது. கேட்க வேண்டும். எழுத வேண்டும். திருப்பி அனுப்ப வேண்டும். கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்த வேலை இது. பாளையங்கோட்டையில், ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்து, ஒலி எப்படி இருக்கிறது என்று சொல்வது.

முதலில் சத்தத்தை அளந்து, ஒரே அளவில் வைப்பேன். சத்தம் கூடினாலே அழகு கூடியதாகத் தோன்றும். காது எளிதில் ஏமாறும். பிறகு மிருதங்கத்தின் தொப்பி, அதன் இடப் பக்கத்துத் தாழ்ந்த நாதம். பிறகு வீணையில் தந்தி ஓய்ந்த பின்னும் ஓயாத கார்வை. கடைசியாக மௌனம்.

மௌனம்தான் கடினம். மலிவான கருவியில் அது சாம்பல் நிறமாக இருக்கும். நல்ல கருவியில், ஆழக் கிணற்றின் நீரைப் போல, கறுப்பாக.

இதில் கறுப்பாக இருந்தது.

நசீரிடம் போனில் சொன்னேன். "இது ஒண்ணையும் மறைக்க மாட்டேங்குது."

"மறைக்காததுக்குத்தான் மேடம் அந்த விலை. உங்க லிஸ்ட் முடிஞ்சுதா? இனிமே உங்களுக்குப் பிடிச்சது ஒண்ணு போட்டுக் கேளுங்க. எப்பப் பாரு பரீட்சை பேப்பர் திருத்துற மாதிரியே கேக்குறீங்க."

எனக்குப் பிடித்தது ஒன்றுதான். ஒரு கேசட். அதைக் கேட்பதற்கென்றே ஒரு பழைய ஹெட்போன். வேறு எதிலும் அதைக் கேட்டதில்லை. வேறு எதையும் அதில் கேட்டதில்லை.

எண்பத்தெட்டு. ஐப்பசி. சர்ச்சுக்குப் பின்னாலிருந்த சின்ன ஹால். ஊருக்கே சர்ச்சில் விருந்து வைக்கும் அசனப் பண்டிகைக்காகப் பாடகர் குழு பாடிப் பார்த்த சாயங்காலம்.

எனக்கு இருபத்திரண்டு வயது. சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்தது. நீ பாட வேண்டாம், டேப் ரெக்கார்டரைப் பார்த்துக்கொள் என்றார் குழுவை நடத்திய பொன்னையா சார். இரண்டு ஓரத்திலும் மைக் வைத்த பெரிய ரெக்கார்டர். பெஞ்சின் மேல் அது. அதன் வலது பக்கம், ஜன்னலையொட்டி, நான். இடது பக்கம் கதவு. எதிரே ஹார்மோனியம்.

மழை வந்தது. கரண்ட் போனது.

இருட்டில் எல்லோரும் இடம் மாறி, நெருங்கி நின்றார்கள்.

"ஏல, யாருல என் கால மிதிக்கது?"

"நீரு எதுக்குய்யா எல்லா இடத்துலயும் கால வச்சிருக்கீரு?"

சிரிப்பு. அதற்கு மேல் பொன்னையா சாரின் குரல். "போதும், போதும். பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம்தான? எப்சிபா, பட்டன அமுக்குளா."

அமுக்கினேன். யார் எங்கே நின்றார்கள் என்று தெரியவில்லை.

அந்தக் குழுவில் ஆசீர் பாடினார். தாழ்ந்த, ஈரமான குரல். அவரிடம் நான் மூன்று முறை பேசியிருப்பேன். மூன்றும் பாட்டுப் புத்தகத்தைப் பற்றி. அந்த டிசம்பரில் வேலை கிடைத்து ஜபல்பூருக்குப் போனார். பிறகு வரவில்லை.

கேசட் என்னிடம் இருந்தது. ரெக்கார்டரின் ஸ்பீக்கரில் எல்லாக் குரலும் ஒரே குவியல். நாலு வருடம் கழித்து, வயர் அறுந்த ஹெட்போன் ஒன்று கைக்கு வந்தது. நானே வேறு வயர் போட்டேன். அதில் கேட்டேன். குவியல் பிரிந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் கிடைத்தது.

ஆசீர் வலது பக்கத்தில் நின்றார்.

வலது பக்கம் என் பக்கம். இருட்டில் அவர் என்னருகே வந்து நின்றிருக்கிறார். யாருக்கும் தெரியாமல். எனக்கும் தெரியாமல்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு வரன் வந்தது. தொண்ணூற்றைந்தில் ஒன்று. இரண்டு முறையும் கேசட்டைக் கேட்டேன். இரண்டு முறையும் வேண்டாம் என்றேன். "ஒனக்கு என்னதாம்ளா வேணும்?" என்று அம்மா அழுதாள். பதில் என் வலது காதில் இருந்தது.

அந்தக் கேசட்டை இன்று புதிய ஹெட்போனில் போட்டேன்.

மழை. நடுவில் ஹார்மோனியம். பிறகு ஆசீர்.

இடது பக்கத்தில்.

கழற்றி, எல், ஆர் எழுத்துகளைப் பார்த்தேன். சரியாகத்தான் மாட்டியிருந்தேன். நசீரை மறுபடி அழைத்தேன்.

"இந்தப் பீஸ்ல கோளாறு. இடதும் வலதும் மாறியிருக்கு."

"மேடம், அப்படிச் சொல்லாதீங்க. என் பொண்டாட்டியவிட அதத்தான் பத்திரமா வச்சிருந்தேன்."

"மாறியிருக்குன்னு சொல்றேன்ல."

"சரி, டெஸ்ட் போட்டீங்களா? லெஃப்ட், ரைட்டுன்னு ஒரு அம்மா சொல்லுமே."

போட்டேன். லெஃப்ட் என்று அந்தப் பெண் இடது காதில் சொன்னாள். ரைட் என்று வலது காதில் சொன்னாள். நிதானமான குரல். பொய் சொல்லத் தெரியாத குரல்.

பழைய ஹெட்போனை எடுத்து மாட்டினேன். லெஃப்ட் என்று என் வலது காதில் சொன்னாள்.

அந்த வயரில் இரண்டு கம்பியும் ஒரே நிறம். ஈயம் உருக்கி ஒட்டியது நான். எதை எதில் ஒட்டினோம் என்று சோதிக்காமல் மூடியதும் நான். ஆய்வகத்தில் அத்தனை மாணவர்களிடமும் சோதித்துப் பார், சோதித்துப் பார் என்று சொன்னவள். அன்று எனக்குப் பாட்டைக் கேட்கும் அவசரம்.

வெயில் கோடு அழிந்தது. வெகு நேரம் வரவில்லை.

ஒருவேளை கேசட் டெக்கின் வயரும் மாறியிருக்கலாம் என்று நினைத்தேன். நம்பிக்கைக்கு எப்போதும் ஒரு வயர் மிச்சமிருக்கும். புதிய ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

இரண்டாம் சரணத்தில் ஒரு சின்ன உலோகச் சத்தம். டிக். டிக். காற்றில் ஆடும் ஜன்னல் கொக்கி. பழையதில் ஒரு நாளும் கேட்காத சத்தம். ஆனால் எனக்குத் தெரிந்த கொக்கி. அந்தச் சாயங்காலம் முழுவதும் என் தோளை இடித்துக்கொண்டிருந்தது.

அது வலது காதில் ஆடியது.

ஆகவே ஜன்னல் வலது பக்கம். நான் வலது பக்கம். ஆசீர் கதவருகே. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, கதவருகே.

அழுகை வரவில்லை. தேநீர் போட்டேன். ஆறிய பிறகு குடித்தேன்.

நசீர் அழைத்தார். "என்ன மேடம், கோளாறு யார்கிட்ட?"

"என்கிட்ட."

"அப்பாடா." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"இல்ல நசீர். எழுதித் தாரேன்."

எழுதினேன். தொப்பி, கார்வை, கறுப்பு மௌனம். கடைசியில் ஒரு வரி: இதில் ஒவ்வொருவரும் தாம் நின்ற இடத்தில் நிற்கிறார்கள்.

மூன்று மணிக்குக் கூரியர்காரர் வருவார். அதற்கு முன் இன்னொரு முறை கேட்டேன். இந்த முறை ஆசீரைத் தேடவில்லை. யாருமில்லாத வலது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மழை. கொக்கி. கொக்கிக்கும் கீழே, மெல்லிய இழையாக ஒன்று. ஹார்மோனியத்தின் துருத்தி இழுக்கும் மூச்சு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தது. ஹார்மோனியம் நடுவில் அல்லவா இருக்கிறது. இது வலது மைக்குக்கு வெகு அருகில். மூக்கடைத்த மூச்சு. மூச்சு இல்லை, முனகல். முனகல் இல்லை, பாட்டு.

குரலே இல்லாத ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து தன் பகுதியைப் பாடிக்கொண்டிருக்கிறாள். பாட வேண்டாம் என்று சொன்ன பிறகும். ஒரு வரி விடாமல். சுருதி பிசகாமல்.

எத்தனை நன்றாகப் பாடுகிறாள்.

வாசலில் மணி அடித்தது. எழுந்துபோய்க் கதவைத் திறக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஒரு நிமிஷம் இருங்கய்யா" என்று குரல் கொடுத்தேன்.

அவளுக்கு இன்னும் ஒரு சரணம் இருந்தது.