மகள் எடுத்த சக்கரம்

உள்ளே அப்பாவைக் கிடத்தியிருக்க, வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, ஸ்பேனரை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள் மகள். கடைசிச் சக்கரத்தின் கடைசி நட்டும் அசையவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றும் சாக்கில் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கலாம். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அந்த பிக்கப் வண்டியில்தான் அப்பா கடைகடையாகக் கண்ணாடி ஏற்றிப் போவார். பழைய சக்கரங்கள் விளிம்பு நசுங்கியதும் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. அவருக்கு அதே இரும்புச் சக்கரம் வேண்டும். அடி வாங்கினாலும் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். அவளுக்கு அலுமினியக் கலவையில் வரும் அலாய் சக்கரம். பளபளப்புக்காக இல்லை என்று சத்தியம் செய்தாள். பளபளப்பும் கொஞ்சம் காரணம்தான். முழுப் பாரம் தாங்குமா என்று கடைக்காரரைத் துளைத்தெடுத்துவிட்டு, பிடித்த பிடியில் நின்று வாங்கியும் விட்டாள். கொஞ்ச தூரம் ஓடியதும் நட்டை மறுபடி முடுக்கச் சொல்லுங்கள் என்றார் கடைக்காரர். சண்டை முறுக்கில் அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை. சொல்லாமலே விட்டுவிட்டாள்.

காலையில் போன் வந்தது. வண்டி ரோட்டோரம் சாய்ந்து நிற்கிறது, பெரியவர் போய்விட்டார். மாரடைப்பு என்றார் டாக்டர். சக்கரம் ஆட்டம் கண்ட பதற்றத்தில்தான் நெஞ்சு அடைத்ததோ என்றுதான், வண்டி வாசலுக்கு வந்ததும் அவள் ஸ்பேனரை எடுத்தாள். சித்தப்பா வேறு, அண்ணன் அப்பவே வேண்டாம் என்றாரே என்று போகிற போக்கில் கொளுத்திப்போட்டார்.

வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்த தையல்காரர் சாவியை நீட்டினார். நட்டை அவர் முடுக்கினாரா என்று கேட்டாள்.

"நானா? முந்தாநாளே உங்கப்பா என் கடை வாசல்ல நிறுத்தி முடுக்கிட்டாரும்மா. புது வீல் போட்டா செய்யணும்னாரு."

"அப்ப இன்னைக்கு?"

இன்று, தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கிப்போக அப்பா வந்திருக்கிறார். கடைக்கு முன்னால் ரோட்டோரம் சரிவு, அங்கே எந்த வண்டி நின்றாலும் சாய்ந்துதான் நிற்கும். நிதானமாக இறங்கி பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசியிருக்கிறார். தையல்காரர் கொஞ்சம் தயங்கினார்.

"பொண்ணு எடுத்த வீலு, முழு லோடு ஏத்தியும் ஆட்டமே இல்லன்னாரு. அவகிட்ட சொல்லிடாதீங்க, தலைகால் புரியாதுன்னு சிரிச்சாரு. தண்ணி கேட்டாரு. கொண்டுவந்து பாத்தா தலை சாஞ்சிருந்துச்சு."

"ஆட்டமே இல்லன்னாரா?"

"ஆமாம்மா. ரெண்டு தடவ சொன்னாரு."

அப்பாடா என்றிருந்தது. செத்த வீட்டில் இப்படி ஒரு நிம்மதி வரலாமா என்று கூச்சமாகவும் இருந்தது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது, நடுவில் சிரிப்பும்.

உள்ளே போய் அம்மாவின் காதில் சொன்னாள். அம்மா அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உன்கிட்ட மட்டும் சொல்லியிருக்க மாட்டாரே."

மகள் அம்மாவின் தோளில் சாய்ந்தாள். சுற்றி அழுகுரல் ஏறியும் இறங்கியும் கேட்டுக்கொண்டிருந்தது. எடுக்கும் நேரமாகிவிட்டது என்று சித்தப்பா வந்து தட்டி எழுப்பியபோது, அவள் வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.