பக்கத்துப் பெட்டிக்கு மட்டும் குழாய்

சந்திரிகாவுக்கு வயிறு எரிந்தது. பெற்ற வயிற்றின் புண் ஆறுவதற்கு முன்பே எரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட அவள் மகன் கண்டி ஆஸ்பத்திரியொன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். பக்கத்துப் பெட்டியில் மடவளைப் புடவைக்கடை முதலாளியின் மனைவி றம்லத்தின் மகள். அதுவும் குறைமாதப் பிள்ளைதான். ஆனால் அதன் தொப்புளில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்திருந்தார்கள். பிரஷர் எவ்வளவு என்று திரையில் ஓயாமல் ஓடிக்கொண்டேயிருந்தது.

இவள் மகனுக்கோ காலில் விரலகலத்துக்கு ஒரு பட்டி. அது காற்று நிரம்பி இறுக்கும்போதெல்லாம் வீரிட்டு அழுவான், உதைப்பான். "ஆட்டுறான், சரியா விழல்ல. திரும்ப எடுக்கணும்" என்பார் தாதி ஞானேஸ்வரி மிஸ். வேறு பட்டி கட்டினால் வேறு இலக்கம் வரும்.

கலஹாவில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பழகியவள் சந்திரிகா. ஈரம் என்றும் கூடைப் பாரம் என்றும் சொல்லிக் கிலோவை வெட்டுவதைப் பார்த்துப் பார்த்து, அளவு என்றாலே அவளுக்குச் சந்தேகம். இங்கேயும் அதே கதைதானா? புடவைக்கடை முதலாளி மகளுக்குச் சரியான அளவு, கொழுந்து பறிக்கிறவள் மகனுக்குக் குத்துமதிப்பா? குத்துமதிப்பிலேயே பிள்ளை போய்விட்டால் யாரைக் கேட்பது?

பால் எடுக்கும் அறையில் றம்லத் பேச்சுக் கொடுத்தாள். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். றம்லத் தன் வீட்டிலிருந்து வந்த இடியப்பத்தை நீட்டினாள். "வேணாங்க, பசிக்கல" என்றாள். பசியில் உயிர் போய்க்கொண்டிருந்தது, அது வேறு விசயம்.

ஞாயிற்றுக்கிழமை புருசன் வீரய்யா பார்க்க வந்தான்.

"தலைவரக் கூட்டிட்டு வாங்க" என்றாள் எடுத்த எடுப்பில்.

"பிரஷர் பாக்குறதுக்குமா தலைவரு?"

"கிலோ வெட்டுனா மட்டும் ஓடுறீங்கள்ல? இது நம்ம புள்ளையாச்சே."

வீரய்யா அடுத்த பஸ்ஸிலேயே தோட்டத்துக்கு ஓடினான். மறுநாள் தோட்டத்துச் சங்கத் தலைவர் மூக்கையா வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். வார்டு வாசலில் ஞானேஸ்வரியை மறித்தார்.

"எல்லாப் புள்ளைக்கும் ஒரே மாதிரிதான் பாக்கணும் மிஸ். அந்தக் குழாய எங்க புள்ளைக்கும் வைங்க. நாங்களும் மனுசங்கதான்."

ஞானேஸ்வரிக்குக் கோபம் சுள்ளென்று வந்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது ரத்தக் குழாய்க்குள்ளேயே போகுதுங்க. பட்டிய விடச் சரியாத்தான் காட்டும், இல்லேன்னு சொல்லல. ஆனா அது வழியா கிருமி ஏறலாம், ரத்தம் கட்டலாம். உயிர் இழுத்துக்கிட்டிருக்கிற புள்ளைக்குத்தான் அத வைக்கிறோம். ஒங்க பையனுக்குப் பட்டி போதும்னா, கும்பிட்டுட்டுப் போங்க."

மூக்கையா தொண்டையைச் செருமினார். "அப்ப நான் பஸ்ஸப் பாக்குறேன்" என்று நழுவினார்.

சந்திரிகா திரும்பினாள். பின்னால் பால் போத்தலோடு றம்லத் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். சந்திரிகாவுக்கு வெட்கத்தில் அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"எனக்கு டொக்டர் மொதல்லயே சொல்லிட்டார், தங்கச்சி" என்றாள் றம்லத். "ஒங்கட மகன் அழக்குள்ள எல்லாம் எனக்குப் பொறாமயா ஈக்கும். என்ட மகளுக்கு அழுறதுக்கும் சத்தில்ல."

அதற்குள் உள்ளே பட்டி இறுகியது. மகன் வீரிட்டான். இத்தனை நாளும் வார்டு முழுக்கக் கேட்கட்டும் என்று அழவிட்ட சந்திரிகா, இன்று பதறிக்கொண்டு ஓடினாள். பசித்தவள் முன்னால் சோற்றுத் தட்டை மறைக்கிறவள் மாதிரி, பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டு அவன் நெஞ்சைத் தடவினாள்.

"மெதுவாடா சாமி" என்றாள். "றம்லத் அக்காவுக்குக் கேக்குது, மெதுவா அழுடா."

அவன் இன்னும் பலமாக உதைத்தான்.