இலையுதிர்காலத்துக்கு ஒரு பாவாடை

...தலையை ஆட்டினேனா, ஆட்டினேன்தான், ஒரு தரம் இல்லை, இரண்டு தரம், அவர் அடிச்சவரோ பிள்ளை என்று அந்த அன்ரி பஸ்ஸுக்குள் என் காதோடு கேட்டபோது இல்லை அன்ரி என்று சொல்லியிருக்கலாம், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா, ஆனால் தலை தன்பாட்டில் ஆடிவிட்டது, மூதேவித் தலை... இப்போது எக்ளின்ரனில் இறங்கி அவளுடைய மண்ணிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் பில்டிங்கை நோக்கி நடக்கிறேன், முன்பின் தெரியாத மனுசியின் கோட்டு, புளீச் மணக்கிறது, அவள் மெல்லிய சட்டையோடு இந்த ஒக்ரோபர் குளிரில் மோர்னிங்சைட் வரைக்கும் போகவேண்டும். கோட்டுக்குக் கீழே மரூன் சற்றின் உள்பாவாடை காலோடு ஒட்டி ஒட்டி விடுகிறது. ஓம், உள்பாவாடைதான், சேலைக்குள் கட்டுகிறது. அதைக் கட்டிக்கொண்டுதான் இன்றைக்கு டவுன்ரவுனுக்கு வேலைக்குப் போய்வந்தேன், நான், ஜெயமலர், முப்பத்திரண்டு வயது, புத்தி எங்கே போனது என்று கேட்கக் காலையில் வீட்டில் ஆளில்லாமல் போனதே, என் மனுசன் ஐந்து மணிக்கே பக்டரிக்குப் போய்விட்டார், இருந்திருந்தால் வாசலிலேயே மறித்திருப்பார், மறித்திருந்தால் அவருக்கு இந்தப் பழி வந்திராது.

எல்லாம் அந்த மகஸீனால் வந்த வினை, இல்லை, மகஸீன் என்ன செய்யும், ஆசை என்னுடையதுதானே... இன்சூரன்ஸ் கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசை மக்டலீன், மொன்றியல்காரி, நல்ல பிள்ளை, செப்டெம்பரில் அதைக் கொண்டுவந்து லஞ்ச் மேசையில் விரித்தாள். பாரிஸ் மேடையில் ஒரு நெட்டைப் பெட்டை நடக்கிறாள், கணுக்கால் வரைக்கும் வழுவழுவென்று சற்றின் பாவாடை, மேலே ஆம்பிளையளின் தொளதொளத்த கம்பளிச் சுவெற்றர், நூல் கட்டாத பூட்ஸ், சீவாத தலை, கண்ணைச் சுற்றிக் கரி அப்பினமாதிரி மை, நாவற்பழம் தின்றமாதிரி உதடு. இதுதான் இந்த வருச இலையுதிர்காலமாம், உள்ளே போடுவதை வெளியே போடுவதுதான் ஸ்ரைலாம். மேடையில் உள்ளதை அப்படியே போடவேண்டாம், உங்கள் அலுமாரியில் கிடப்பதை வைத்து உங்களுக்கு ஏற்றமாதிரிச் செய்யுங்கள் என்று கீழே புத்திமதி வேறு. அலுமாரியில் கிடப்பதா... எனக்கு அந்த இடத்திலேயே கை பரபரத்தது. கலியாணச் சேலைக்கென்று அம்மா தைப்பித்துத் தந்த மரூன் உள்பாவாடை சூட்கேஸில் மடித்தபடி கிடக்கிறது, ஆறு வருசத்தில் நாலு தரம் கட்டியிருப்பேன். அந்த ஆறு வருசமும் கந்தோருக்கு நேவிபுளூ காற்சட்டை, வெள்ளைப் பிளவுஸ், யாராவது ஒருநாள் என்னை நிமிர்ந்து பார்த்திருக்கிறார்களா? பார்க்கவேண்டும் என்று இருந்தது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம், வெட்கம்தான், வேறென்ன. இன்றைக்கு உள்பாவாடை, அவருடைய சுவெற்றர், நூல் கட்டாத பூட்ஸ் என்று போனேன், பார்த்தார்கள். சுப்பவைசர்கூட வந்து எங்கே வாங்கினாய் என்று கேட்டாள், ஒரு இந்தியன் பூட்டிக்கில் என்று புளுகினேன். சுவெற்றருக்குக் கீழே நாடா எட்டிப்பார்த்தது, உள்ளே செருகப்போனேன், ஐயோ வேண்டாம், அந்தக் கயிறுதான் வடிவு என்று மக்டலீன் இன்னும் வெளியே இழுத்துவிட்டாள், மத்தியானம் வாஷ்ரூமில் வைத்துக் கண்ணுக்கு மையும் உதட்டுக்குச் சாயமும் பூசிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன், அந்த நெட்டைப் பெட்டைமாதிரியே இருந்தேன், சத்தியமாக.

கெனடி ஸ்ரேஷனில் பஸ் ஏறும்வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எதிரே அந்த அன்ரி, ஐம்பத்தைந்து வயதிருக்கும், சின்னப் பொட்டு, மடியில் கிளீனிங் வேலைக்குக் கொண்டுபோகிற பை. என்னைக் காலிலிருந்து தலைவரைக்கும் பார்த்தாள். கந்தோரில் காலையிலிருந்து எல்லாரும் பார்த்த அதே சாமான்களைத்தான் அவளும் பார்த்தாள், பாவாடை, நாடா, பூட்ஸ், கண், ஆனால் அவளுடைய முகம் அப்படியே செத்துப்போனது. எழும்பினாள். தன் கோட்டைக் கழற்றி எனக்கு மாட்டி முன்பக்கத் தெறிகளை ஒவ்வொன்றாகப் பூட்டினாள், என்னைத் தன் சீற்றில் இருத்தினாள், ஒருவரும் பார்க்காதபடி முன்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். "சேலை சுத்தக்கூட நேரம் விடேல்லையே அந்த மனுசன்? அவரின்ரை சுவெற்றரை இழுத்து மாட்டிக்கொண்டு ஓடியந்திருக்கிறாய்... சப்பாத்து நூலும் கட்டேல்லை... கண்ணைப் பார், என்ன மாதிரிக் கறுத்துக் கிடக்கு. அவர் அடிச்சவரோ பிள்ளை?" நான் என்ன சொல்ல? இல்லை அன்ரி, உது பாஷன், பாரிஸிலை இப்ப உப்பிடித்தான் போடுகினம் என்றா? சொல்லத்தான் வாய் உன்னியது, அதற்குள் அவள் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு சுவெற்றரின் கழுத்தை மெல்ல விலக்கிப் பார்த்தாள், அவளுடைய கை குளிரில் புல்லரித்துக் கிடந்தது, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு பாஷன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. இல்லை, அதுவும் பொய்ச்சாட்டு. உள்பாவாடையோடு ஊர் சுற்றின விசரி என்று அவள் நினைப்பதைவிட அடி வாங்கினவள் என்று நினைப்பது எனக்கு மேலாகத் தெரிந்தது, அதுதான் உண்மை. தலையை ஆட்டினேன். "அவரின்ரை பேர் என்ன?" அதையும் சொன்னேன், ஒரு பொய்ப்பேர்கூட வாயில் வரவில்லை, அன்புராசா என்றேன். "இப்ப எங்கை போறாய்?" சிநேகிதி வீட்டுக்கு என்று அதற்கு மட்டும் உடனே பொய் வந்தது. "என்ரை பேர் புனிதவதி. பயப்பிடாதை, நான் ஒருத்தருக்கும் மூச்சுவிடமாட்டன்," என்றாள், பையிலிருந்து பேனையை எடுத்தாள், பஸ் ட்ரான்ஸ்பர் ரிக்கற்றின் பின்பக்கம் ஏழு இலக்கம் எழுதி என் கைக்குள் வைத்துப் பொத்தினாள். "அடி வாங்கின பொம்பிளையள் போய் நிக்கிற இடம். எந்த நேரமும் எடுக்கலாம். தமிழ் கதைக்கிற பிள்ளை ஒண்டு இருக்கு." அவள் மூச்சுவிடமாட்டாள், தெரியும். ஆனால் முன் சீற்றில் ஒரு கம்பளித் தொப்பி திரும்பி என்னைப் பார்த்துவிட்டு டக்கென்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. பஸ்ரியன் அங்கிள், எங்கள் பில்டிங், ஒன்பதாம் மாடி.

அன்புராசா யாரை அடித்தார்? கரப்பான்பூச்சியை அடிக்கவும் என்னைக் கூப்பிடுகிற மனுசன். ஊரில் வாத்தியார், இங்கே கிழமை முழுக்கப் பக்டரியில் முறிந்துவிட்டுச் சனிக்கிழமை காலையில் பில்டிங்கின் பார்ட்டி ரூமில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார், சேர் சேர் என்று பதினொரு பிள்ளைகள், அதில் ஏழு பெட்டைகள், அந்த இரண்டு மணித்தியாலத்துக்காகத்தான் வெள்ளிக்கிழமையே சேர்ட்டை அயன்பெட்டியால் மினுக்கி வைக்கிறார். பஸ்ரியன் அங்கிளின் இரண்டு பேத்திகளும் அவரிடம்தான் வருகிறார்கள்... கடவுளே, அங்கிள் எனக்கு முதலே வந்து லிஃப்ற்றுக்கு முன்னால் நிற்கிறார். படியால் போகலாமா, பதினாலு மாடி, போகலாம், எத்தனை மாடி ஓடுவாய் மலர், சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு, அங்கிள் அது அப்படியில்லை, நான்தான் ஒரு விசர் வேலை பார்த்தேன் என்று சொல்லிவிடு. கதவு திறந்தது, ஏறினோம், இரண்டு பேரும் மேலே இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். மூன்று. நாலு. அவர் தொண்டையைச் செருமினார். "நாளைக்குச் சேரின்ரை வகுப்பு இருக்கோ பிள்ளை?" ஓம் அங்கிள் என்றேன். "சின்னவளுக்குக் கொஞ்சம் தடிமன், மூக்கு ஒழுகுது... மூத்தவளும் வரமாட்டாள் எண்டு சொல்லிவிடு." ஆறு. ஏழு. சொல், வாயில் என்ன கொழுக்கட்டையா? "அங்கிள்..." என்றேன், திரும்பினார், முகம் முழுக்க இரக்கம், எனக்காக, பெற்ற மகளைப் பார்க்கிறமாதிரி, அதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்ல, "ஒண்டுமில்லை" என்றேன். ஒன்பதில் இறங்கிக் கதவு மூடாமல் கையால் பிடித்துக்கொண்டு, "ஏதும் எண்டால் எங்கடை கதவைத் தட்டு, என்ன?" என்றார். நல்ல மனுசன், அந்த அன்ரியும் நல்ல மனுசி, வீட்டில் இருப்பவரும் நல்லவர், இத்தனை நல்லவர்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் இப்படி வந்து நிற்கிறேன்.

அவர்தான் கதவைத் திறந்தார், இடுப்பில் சாரமும் கையில் அகப்பையுமாக. "வா வா, புட்டு அவிச்சிட்டன்... ஆரின்ரை கோட்டு உது?" நான் பதில் தேடமுதல் அவருடைய கண் கீழே போனது. "இஞ்சை, உது உன்ரை உள்பாவாடையல்லே? கந்தோருக்கு உதோடையே போனனீ? விசரி!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், இவ்வளவுதான், இந்த ஒரு சிரிப்போடு பஸ்ஸுக்குள்ளேயே முடிந்திருக்கவேண்டிய விஷயம். சிரித்து முடித்துவிட்டு, "நாளைக்குப் பின்னக் கணக்கு. பதினொரு பேருக்கும் கணக்குத்தாள் போட்டோக்கொப்பி அடிச்சு வைச்சிட்டன்" என்றார். ஒன்பது போதும் என்று சொல்லவேண்டும், ஏன் என்று கேட்பார், அடுத்த சனிக்கிழமை எத்தனை பேர் வருவார்கள்... மினுக்கின சேர்ட் கதவில் தொங்குகிறது.

கோட்டைக் கழற்றாமல் போய் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தேன். முதலில் புனிதவதி அன்ரிக்குச் சொல்லவேண்டும், பிறகு அங்கிளுக்கு, பிறகு இவருக்கு, ஒவ்வொருவராக, தூ என்று துப்பினாலும் துடைத்துக்கொண்டு சொல்லவேண்டும். ட்ரான்ஸ்பரை விரித்தேன். ஆனால் இது அவளுடைய வீட்டு நம்பர் இல்லையே, அந்தப் பொம்பிளையள் போய் நிற்கிற இடத்து நம்பர், அங்கே எடுத்து என்ன கேட்பது, புனிதவதி என்று ஒரு அன்ரி, கிளீனிங் வேலை, உங்களுக்குத் தெரியுமா என்றா? அவர்களுக்கு எப்படித் தெரியும்... ஏழு இலக்கமும் வரிசையாக இருந்தன, ஓடுகிற பஸ்ஸுக்குள் நின்றபடி எழுதியும் ஒரு வெட்டு இல்லை, ஒரு திருத்தல் இல்லை. பையிலிருந்து பேனையை மட்டும்தானே எடுத்தாள்? ஓம், பேனையை மட்டும்தான், கொப்பி எதையும் திறக்கவில்லை, எதையும் பார்க்காமல் எழுதினாள். முதலில் மணிக்கட்டைத்தான் பார்த்தாள், பிறகுதான் கழுத்தை, எங்கெங்கே காயம் இருக்கும் என்று தெரிந்தவள்மாதிரி. "புட்டு ஆறுது, மலர்," என்று குசினியிலிருந்து கூப்பிட்டார். வாறன் என்றேன், அவள் பூட்டிவிட்ட தெறியைக் கழற்றக் கை வரவில்லை.